வியாழக்கிழமை வரிசை

ஜனவரி 4, வியாழன்

மதுரை போய்வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தே கால் வீங்கிவிட்டது. சோறு மட்டும் வைத்தேன். மோர் இருக்கிறது, போதும்.

புது டைரியில் எழுதும் முதல் செய்தி நல்ல செய்தி. ஆஸ்பத்திரியில் எங்கள் எல்லோரையும் இரண்டாம் மாடி நடையில் கூட்டிவைத்து எபனேசர் சார் சொன்னார். இலவச மருந்துத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். எங்களுக்கு இருப்பது ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டால் அடங்கிக் கிடக்கும்; விட்டால் எழுந்துகொள்ளும். அந்த மாத்திரைக்குப் பெயர் ஹெமாநிப். ஒரே ஒரு கம்பெனிதான் இத்தனை காலமும் செய்துவந்தது. கடையில் வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாத காரியம். அதனால் ஏழை நோயாளிகளுக்கு அந்தக் கம்பெனியே சும்மா கொடுத்தது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை நேரில் வந்து, போன மாதத்துக் காலி அட்டையைக் காட்டி, புதியதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"அவங்களுக்கு இருந்த உரிமை அடுத்த மாசத்தோட முடியுது. இனிமே எந்தக் கம்பெனியும் இந்த மருந்தைச் செய்யலாம். ஜெனரிக்னு சொல்லுவாங்க. மார்ச்சுல இருந்து உங்க ஊர் மெடிக்கல்லயே கிடைக்கும். விலையும் உங்க கைக்கு அடங்குற விலைதான்" என்றார்.

எல்லோரும் கைதட்டினோம். திண்டுக்கல் ஷமீமா என் தோளில் சாய்ந்து அழுதாள். "சின்னாளப்பட்டி அக்கா இருந்திருக்கணும் அத்தை" என்றாள். சின்னாளப்பட்டி எங்களோடு இரண்டு மாதம் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் மனு பாஸாகவில்லை. மூன்றாம் மாதம் புருஷன் மட்டும் வந்து பைலைத் திரும்ப வாங்கிப் போனார்.

டாக்டர் மேனகாவும் வந்து விளக்கினார். "நிறம் மாறும், பேரு மாறும். உள்ள இருக்குறது அதே மருந்துதான். பயப்படாதீங்க."

பரமக்குடிக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப நாங்க இனிமே இங்க வர வேணாமா?"

"வேணாம்ல. அலைச்சல் மிச்சம்" என்றார் எபனேசர் சார். மறுபடி கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 6, சனி

கடையில் ஜெராக்ஸ் மிஷின் மக்கர். மெக்கானிக் சாயங்காலம் வருகிறேன் என்று காலையிலேயே சொன்னான், அதனால் வரமாட்டான்.

கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாள் நினைவுக்கு வந்தது. பதினோரு வருஷம் ஆகப்போகிறது. அப்போது எஸ்.டி.டி. பூத்தை மூடிவிட்டு இந்த ஜெராக்ஸ் கடையைத் தொடங்கியிருந்தேன். மகன் வேலு கல்லூரியில் இருந்தான். அவன் அப்பா போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் இவனுக்கு யார் என்ற ஒரே நினைப்போடு அந்த நடையில் போய் உட்கார்ந்தேன்.

அங்கே ஒரு ஸ்பீக்கர் இருந்தது. பெயர் கூப்பிடுவதற்கு. அது கூப்பிட்டதெல்லாம் ஆட்டுக்குட்டி கத்துவதுபோலக் கேட்டது. ஆளாளுக்கு எழுந்து போய், "என் பேரா, என் பேரா" என்று கேட்டுத் திரும்பினார்கள். வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவர் எடுத்தார். பெஞ்சின் மேல் ஏறி அந்த டப்பாவைத் திறந்து எதையோ முறுக்கி மூடினார். வாட்ச்மேன் ஓடிவந்து சத்தம் போட்டான். அதற்குள் ஸ்பீக்கர் கூப்பிட்டது, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல: "வடிவாம்பாள், கோவில்பட்டி."

பெஞ்சிலிருந்து இறங்காமலே அவர் திரும்பிப் பார்த்தார். "கோவில்பட்டி யாருங்க? போங்க, கூப்பிடுறாங்க."

அன்றிலிருந்து நான் கோவில்பட்டி. அவர் பரமக்குடி. அங்கே மைக்செட் கடை வைத்திருந்தார். எல்லோருமே அப்படித்தான் ஆனோம். தேவகோட்டை, வத்திராயிருப்பு, சின்னாளப்பட்டி. சின்னப்பெண் ஷமீமாவைத் தவிர ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட்டதில்லை.

மெக்கானிக் வரவில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஒரு ஆளுக்கு எவ்வளவு வைத்தாலும் மிஞ்சுகிறது.

பிப்ரவரி 1, வியாழன்

புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு போனேன். பரமக்குடி ஒரு கட்டுப் பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவந்திருந்தார். தை மாதம் தவறாமல் கொண்டுவருவார். நாரை உரித்து, ஒடித்து, நடுவில் இருக்கும் குருத்தை எடுத்துவிட்டு நீட்டுவார். நான் பல முறை சொல்லிவிட்டேன், எனக்கும் உரிக்கத் தெரியும் என்று.

இந்த மாதமும் வரிசை நகரவில்லை. முன்பெல்லாம் இந்த வரிசையை எத்தனை திட்டியிருப்போம்! காலையில் கொடுத்த ரத்தத்துக்கு மதியம் முடிவு, அதற்குப் பிறகு டாக்டர், அதற்குப் பிறகு எபனேசர் சார் அட்டை சரிபார்ப்பது. இன்றைக்கு யாரும் திட்டவில்லை. தேவகோட்டைப் பெரியவர் தன் முறை வந்ததும், "எனக்கு அவசரமில்ல, நீங்க போங்க" என்று பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஷமீமா தன் பையனின் படத்தை எல்லோருக்கும் காட்டினாள். அவள் வந்து சேர்ந்தபோது பத்தொன்பது வயது. கல்யாணம் நடக்குமா என்று அழுதவள். டாக்டர் மேனகா பார்த்துப் பார்த்து, மருந்தை நிறுத்திவைத்து, அவளைப் பிள்ளை பெறவைத்தார். அந்த மாதங்களில் நாங்கள் ஆளாளுக்கு வேண்டிக்கொண்டோம். அவள் என்னை அத்தை என்பாள், அவரை மாமா என்பாள். "முறை சரியாத்தான் வருது" என்று எபனேசர் சார் ஒருமுறை சிரித்தார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பரமக்குடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. நாளைக்கு சிலிண்டர் வரும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

வேலு போன் செய்தான். மருந்துச் செய்தி அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

"எம்மா, இத்தனை நாளா மதுரை மதுரைன்னு சொல்லித்தான் ஓசூர் வரமாட்டேன்னீங்க. இப்ப ஓசூர்லயும் அந்த மாத்திரை கிடைக்கும். கடையைக் குடுத்துட்டு வந்துருங்க. பாப்பாவும் உங்களைத் தேடுறா."

அவன் சொல்வது சரிதான். மருமகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பாப்பாவுக்கு இரண்டு வயது ஆகிறது. வேறென்ன எனக்கு இங்கே இருக்கிறது.

பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 7, வியாழன்

கடைசி வியாழக்கிழமை.

பச்சைப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்குப் பட்டா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். வெயிலுக்கு இதுதான் தோதாக இருக்கிறது என்று ஒரு பொய் சொன்னேன்.

எபனேசர் சார் கேக் வாங்கி வைத்திருந்தார். எங்கள் காலி அட்டைகளை வாங்கும்போது இன்றைக்கும் ஒவ்வொன்றையும் எண்ணினார். "பழக்கதோஷம்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரையும் நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். ஷமீமா என்னையும் பரமக்குடியையும் பக்கத்தில் நிறுத்தினாள். எங்களுக்கு நடுவில் அவள் பையனைத் தூக்கி வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. எங்களில் பாதிப்பேரிடம் அடுத்தவர் போன் நம்பர் இல்லை. எதற்கு இருக்க வேண்டும்? அடுத்த மாதம் பார்க்கத்தானே போகிறோம் என்றே பதினோரு வருஷம் போய்விட்டது. எல்லோரும் அவசர அவசரமாக நம்பர் கேட்டார்கள். பரமக்குடி தன்னுடையதைச் சொன்னார். நான் போனில் பதிந்துகொண்டேன். என்னுடையதை அவர் கேட்கவில்லை. நானே மிஸ்டுகால் கொடுத்தேன்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அவர் பஸ் முதலில் கிளம்பியது. ஜன்னல் வழியே, "வரேங்க கோவில்பட்டி" என்றார். எல்லா மாதமும் சொல்வதுதான்.

சேலையை நிழலில் உலர்த்திப் பெட்டியில் வைக்க வேண்டும்.

மார்ச் 9, சனி

கீழ ரத வீதி மெடிக்கலில் புது மாத்திரை வாங்கினேன். கடைக்காரத் தம்பி அலமாரியிலிருந்து, காய்ச்சல் மாத்திரை எடுப்பதுபோலச் சாதாரணமாக எடுத்து வைத்தான். எனக்குக் கொஞ்ச நேரம் கை நீளவில்லை. இது கிடைக்காமல்தான் சின்னாளப்பட்டி செத்தாள்.

"அதே மருந்துதான்க்கா. கம்பெனிதான் வேற" என்றான்.

பழையது ஆரஞ்சு நிறம். இது வெளிர் மஞ்சள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டேன். அரை மணி நேரம் உட்கார்ந்து ஏதாவது செய்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வியாழன்

நான்கு மணிக்கே விழித்துவிட்டேன். குளித்து, கோலம் போட்டு, புளிச்சோறு கிளறும்போதுதான் எங்கும் போக வேண்டியதில்லை என்று நினைவு வந்தது. கிளறியதைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டேன்.

அவருக்குப் போன் செய்தேன். எல்லோருக்கும் செய்யலாம் என்று நினைத்து, முதலில் அவருக்கு. வீட்டில்தான் இருப்பதாகச் சொன்னார். மைக்செட் வேலை இப்போது அறவே இல்லை, எல்லாம் டி.ஜே. பெட்டிகள் வந்துவிட்டன என்றார். வெயிலைப் பற்றிப் பேசினோம். வைத்த பிறகு மற்றவர்களுக்குச் செய்யத் தோன்றவில்லை.

ஏப்ரல் 20, சனி

தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறது.

மே 2, வியாழன்

மறுபடி அவருக்குப் போன். "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டேன்.

சின்ன இடைவெளி. பிறகு, "ஆச்சு, ஆச்சு" என்றார்.

பூத் வைத்திருந்த காலத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து எத்தனை பேர் பேச்சைக் கேட்டிருப்பேன். பணம் அனுப்பிவிட்டேன் என்பான், அனுப்பியிருக்க மாட்டான். உடம்பு நன்றாக இருக்கிறது என்பாள், இருந்திருக்காது. அவர்களும் சொல்வதற்கு முன் இதேபோலக் கொஞ்சம் நிறுத்தி, சொன்னதை இரண்டு முறை சொல்வார்கள்.

எனக்கு இன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

மே 23, வியாழன்

அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். ஷமீமாவைக் கேட்டேன். அவளுக்கும் எடுக்கவில்லையாம். "ஊருக்கு எங்கயாச்சும் போயிருப்பாரு அத்தை" என்றாள். எந்த ஊருக்கு? அவருக்குப் பெண்டாட்டி இறந்து வெகுகாலம் ஆகிறது. பிள்ளை கிடையாது. அவர் போகிற ஒரே ஊர் மதுரைதான்.

ஜூன் 4, செவ்வாய்

புது மருந்துக்குப் பிறகு நான் கொடுத்த பெரிய ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. டாக்டர் மேனகா போனிலேயே சொன்னார். "பழைய அளவுதான்மா, மாற்றமே இல்ல. புது மருந்து நல்லா வேலை செய்யுது."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "டாக்டர், பரமக்குடி தனுஷ்கோடி டெஸ்ட் எடுத்தாரா?" என்று அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். பார்த்துவிட்டு, அவர் வரவே இல்லை என்றார்.

ஜூன் 6, வியாழன்

முதல் வியாழக்கிழமை. பரமக்குடி போனேன்.

அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, பதினொரு மணி வெயிலில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், "மைக்செட் தனுஷ்கோடி வீடு எங்கங்க?" என்று கேட்டேன். "கடைய மூடி ரொம்ப நாளாச்சே. ஆத்துப் பக்கம் போங்க, வாசல்ல குழாய் கெடக்கும்" என்றார்கள். அப்படியே இருந்தது. பெரிய பெரிய குழாய் ஸ்பீக்கர்கள் துருப்பிடித்து, வாசலில் வாய்பிளந்து கிடந்தன. பக்கத்து வீட்டம்மா எட்டிப்பார்த்து, "யாரு, சொந்தமா?" என்றாள்.

"மதுரை ஆஸ்பத்திரியில பழக்கம்" என்றேன்.

அவர்தான் கதவைத் திறந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சட்டைக்குள் ஆளே இல்லை. என்னைப் பார்த்ததும் அவசரமாக உள்ளே போய்த் தலையை வாரிக்கொண்டு வந்தார். "வாங்க கோவில்பட்டி, இவ்வளவு தூரம்…" என்றார். உட்காரச் சொல்ல ஒரு நாற்காலியைத் தேடினார்.

டி.வி. மேலே மாத்திரைப் பெட்டி இருந்தது. எடுத்துப் பார்த்தேன். முதல் அட்டையில் நாலைந்து மாத்திரைதான் காணோம். மற்றதெல்லாம் அப்படியே.

"என்னங்க இது?"

"போட்டேன். கொமட்டுச்சு. விட்டுட்டேன்."

"டாக்டர்ட்ட சொல்ல வேண்டியதுதான?"

"மருந்து மேல குத்தம் சொல்லலங்க. பழைய மாத்திரையும் மொத மாசம் கொமட்டத்தான் செஞ்சுச்சு. அப்ப நீங்க எல்லாரும் இருந்தீங்க. எலுமிச்சங்கா மோந்து பாருங்கன்னு நீங்கதான் குடுத்தீங்க."

எனக்கு அது நினைவில்லை. அவருக்கு இருந்தது.

அவர் தரையைப் பார்த்தே பேசினார். "நல்லது நடந்திருக்கு, இல்லேங்கல. எத்தன பேரு பொழைப்பாங்க. ஆனா எனக்கு, மாசத்துல ஒரு நா என்னைய யாரோ எதிர்பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்காகவே ஒரு நா விடாமப் போட்டேன். எபனேசர் சார் முன்னாடி, உங்க முன்னாடி, அட்டைய நீட்டணும்ல. இப்ப யாரு எண்ணப் போறா?"

"யாரோவா?" என்று கேட்டேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தார்.  பிறகு, "வடிவாம்பாள்" என்றார். அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

அதற்குப் பிறகு நாங்கள் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை.

டாக்டர் மேனகாவுக்குப் போன் போட்டேன். திட்டினார், அப்புறம் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போடச் சொல்லி, அடுத்த வியாழன் கையோடு கூட்டிவரச் சொன்னார். அடுப்படியில் அரிசியும் பருப்பும் இருந்தன. பக்கத்து வீட்டம்மாவிடம் இரண்டு முட்டை வாங்கினேன். ரசம் வைத்து, முட்டை பொரித்துப் போட்டேன். அவர் சாப்பிட்டார். என் எதிரில் மாத்திரையை விழுங்கினார். குமட்டவில்லை, குமட்டினாலும் சொல்லியிருக்க மாட்டார்.

"இனிமே நான் எண்ணுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருமுனை திரும்பும்போது பக்கத்து வீட்டம்மா, "அடிக்கடி வந்து போங்க" என்றாள்.

ஜூன் 13, வியாழன்

அவரைக் கூட்டிக்கொண்டு மதுரை. ரத்தம் கொடுத்தார். அந்தப் பெரிய பரிசோதனைதான், முடிவுக்கு மூன்று வாரம். தினமும் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்கிறேன். அட்டையில் எத்தனை பாக்கி என்று அவரே சொல்லிவிடுகிறார்.

ஜூலை 4, வியாழன்

முடிவு நல்லதாக இல்லை. நோய் எழுந்துகொண்டிருக்கிறது.

டாக்டர் மேனகா அவரைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இதே மருந்துக்கு மறுபடி அடங்குதான்னு மூணு மாசம் பாப்போம் ஐயா. அடங்கலன்னா அடுத்த மருந்துக்குப் போகணும். அது இன்னும் ஒரே கம்பெனி கையிலதான் இருக்கு. ஜெனரிக் வர்றதுக்கு இன்னும் பல வருஷம் ஆகும்."

அந்த மருந்துக்கு இலவசத் திட்டம் இல்லை என்று எபனேசர் சார் என்னிடம் தனியாகச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். குடிக்கவில்லை. அவர், "உங்களுக்கு வீண் அலைச்சல்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை பேர் நிற்கிற இடம் என்றும் பார்க்காமல், "இன்னொரு தடவ அப்படிச் சொன்னீங்கன்னா நான் வரவே மாட்டேன்" என்று கத்தினேன். பிறகு நானே பயந்துபோய், "சும்மா சொன்னேன், வருவேன்" என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

வேலு கோபித்துக்கொண்டான். எப்போது வருவீர்கள் என்று தேதி கேட்கிறான். அக்டோபர் ஆகட்டும் என்றேன். ஏன் அக்டோபர் என்றான். ஒரு முடிவு வர வேண்டியிருக்கிறது என்றேன். "உங்க டெஸ்ட்தான் நல்லா இருக்கே?" என்றான். பாப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பரிசோதனை எதுவும் இல்லை. இருந்தாலும் மதுரையில் சந்தித்தோம். இரண்டாம் மாடிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

எபனேசர் சாரின் அறையில் இப்போது அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. நடையில் எங்கள் பெஞ்சுகளை எடுத்துவிட்டு இரும்பு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். எலும்பு முறிவுக்காரர்கள் கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்களை யாருக்கும் தெரியவில்லை. அந்த ஜன்னலோரம் தேவகோட்டைப் பெரியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்குவார். இந்தத் தூணடியில்தான் ஷமீமா, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று குதித்தாள். வத்திராயிருப்பு இங்கே நின்றுதான் யார் வீட்டு நெய் நல்ல நெய் என்று சண்டை போடுவார். நோய்க்காகத்தான் வந்தோம். ஊசி குத்தாமல் ஒரு நாள் கூட இருந்ததில்லை. ஆனால் இப்போது நினைத்தால், திருவிழாவுக்குப் போய்வந்த மாதிரிதான் இருக்கிறது.

அவரிடம் அதைச் சொன்னேன். "எனக்கும்தான்" என்றார்.

செப்டம்பர் 5, வியாழன்

மதுரை. மழை. ஒரே குடை.

செப்டம்பர் 12, வியாழன்

மறுபடி அவரை ரத்தம் கொடுக்கவைத்தேன். எடை கூடியிருக்கிறது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னாள். எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

டாக்டர் மேனகா காகிதத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அந்த அம்மா முகத்தில் எதுவும் தெரியாது. நான் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். எழுந்தபோது விரலெல்லாம் சிவந்திருந்தது.

"இறங்கியிருக்கு ஐயா. நல்லாவே இறங்கியிருக்கு. இந்த மருந்தே போதும்."

அவர் எழுந்து கும்பிட்டார். டாக்டரைக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். கை அப்படியே கூப்பியபடி இருந்தது. "என்னத்துக்கு என்னைக் கும்பிடுறீங்க, வாங்க" என்று நான்தான் வெளியே இழுத்து வந்தேன்.

பத்தரை மணிக்கெல்லாம் ரோட்டில் நின்றோம். இனி ஒரு வேலையும் இல்லை. இத்தனை வருஷமாக மாதாமாதம் மதுரைக்கு வருகிறோம், பஸ் ஸ்டாண்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர ஒன்றும் பார்த்ததில்லை. "மஹால் பாப்பமா?" என்றார்.

நாயக்கர் மஹாலில் அந்தத் தூண்களைப் பார்த்து ஆட்கள் வாயைப் பிளக்கிறார்கள். இவர் தூணைப் பார்க்கவே இல்லை. நடுவில் நின்று ஒரு முறை கைதட்டினார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். இன்னும் நாலடி தள்ளிப்போய்த் தட்டினார். "இங்க ஒரு செட் போட்டா மூலை மூலைக்குக் கேக்கும், ஆனா எதிரொலி இழுக்கும்" என்று எனக்கு விளக்கினார். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று ஊர் ஊராகப் போன காலத்தைச் சொன்னார். விடிய விடியத் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டியதை, மழையில் ஆம்ப்ளிபயரைத் தன் சட்டையைக் கழற்றி மூடியதை. இவ்வளவு பேசுகிறவர் என்று எனக்குத் தெரியாது. அந்த வரிசையில் எப்போதும் யாராவது நடுவில் இருந்தார்கள்.

என்னை ஒரு கோடியில் நிற்கச் சொல்லிவிட்டு மறுகோடிக்குப் போனார். எதற்கு என்று புரியவில்லை. அங்கிருந்து சாதாரணக் குரலில், சத்தம் போடாமல் கேட்டார். "கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

வேலு காலையிலேயே போன் செய்தான். டிக்கெட் போடட்டுமா என்றான். மருமகள் அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும். அவன் குரலில் இந்த முறை கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"போடு, வாரேன். பாப்பாவ நான் பாத்துக்கிடுறேன்" என்றேன். "ஆனா மாசத்து மொத வியாழன் நான் மதுரையில இருக்கணும். புதன்கிழமை பஸ் ஏத்திவிட்டுரு. ரெண்டு நாள்ல திரும்பிருவேன்."

"எம்மா, மருந்துதான் எல்லா ஊர்லயும் கிடைக்குதே! எங்க வீட்டுக்குக் கீழயே மெடிக்கல் இருக்கு."

"மருந்துக்குன்னு யாருடா சொன்னா?"

 பிறகு நானே சொன்னேன்.  "பரமக்குடியில ஒருத்தர் இருக்காரு. தனுஷ்கோடின்னு பேரு. எங்கூட வரிசையில இருந்தவரு. உடம்பு தேறிட்டு வருது. தீபாவளிக்கு அவரையும் ஓசூருக்குக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். நீ பாக்கணும்."

 அந்தப் பக்கம் பாப்பா ஏதோ கேட்டு அழுவதும், மருமகள் அவளைத் தூக்கிக்கொண்டு போவதும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுபோக, லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. அவன் அப்பாவுக்குத் திதி கொடுக்க இன்றுவரை தவறாதவன் அவன். என்ன சொல்வானோ, எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு என்ன சாப்பிடுவாரும்மா?" என்று கேட்டான்.

"எல்லாம் சாப்பிடுவாரு" என்றேன். "காரம் மட்டும் கொஞ்சம் கம்மியா."